குளிர்ச்சிக்கு ஒரு நாள்

ஆவுடையப்பன் சாவடிக்கு வந்தபோது தாயி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் விளக்குமாற்றைத் தேடி எடுத்துக் கூட்ட ஆரம்பிப்பது அவர் வழக்கம். அன்று தேடவில்லை. கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி. ஒரு நல்ல நாள் வேணும்."

"எதுக்கு?"

"அப்பாவுக்கு."

"அப்பாவுக்கு என்ன?"

"கொஞ்சம் குளிர்ச்சி பண்ணலாம்னு இருக்கோம்."

தாயி தேய்ப்பதை நிறுத்தவில்லை. சாம்பலைத் தொட்டு இன்னொரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்கிற ஆள் கிடையாது. நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இனி எழுந்து நடமாட மாட்டார் என்று ஆகிவிட்ட கிழவன் கிழவிகளுக்கு, வீட்டார் கூடிப் பேசி ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவார்கள். அந்தக் குளியலோடு காரியம் முடிந்துவிடும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு இளநீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். எதற்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சூடு பிடித்த உடம்புக்குக் குளிர்ச்சி பண்ணுகிறார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது? அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் மகா கெட்டிக்காரன். அவன் மட்டும் இல்லாவிட்டால் ஊரில் பாதிப்பேர் தூக்கம் கெட்டு அலைந்திருப்பார்கள்.

ஆவுடையப்பனும் லேசுப்பட்டவர் இல்லை. வாய் இனிக்கிற மனுஷர் என்று ஊரில் பேர் வாங்கியவர். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கட்டிக்கொடுத்த மகளுக்குத் தகவல் சொல்ல அவரைத்தான் அனுப்புவார்கள். அவர் போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அப்பாவுக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரும்மா" என்பார். மகளும் மாற்றுச்சேலைகூட எடுக்காமல் கிளம்புவாள். ஊர் எல்லைக்கு வந்து கொட்டுச் சத்தம் காதில் விழுகிற வரைக்கும் அவளுக்கு அப்பா உயிரோடு இருப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினால், "இந்தத் தங்கத்தை வச்சுக் காப்பாத்த நமக்கு வசதி போதுமான்னு தயங்குறாங்க" என்று பெற்றவர்களிடம் சொல்வார். அவர்கள் அழுதுகொண்டே அவருக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார்கள். இதில் அவருக்குப் பெருமை உண்டு. ஒளிப்பானேன், நிறையவே உண்டு.

தாயி இதற்கு நேர் எதிர். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள். எங்கிருந்தோ வந்தாள், ஓடைக்கரையில் பாழடைந்து கிடந்த சாவடியைக் கூட்டிச் சுத்தம் செய்தாள், அங்கேயே இருந்துவிட்டாள். அவளிடம் விபூதி கிடையாது, தாயத்து கிடையாது. போய்க் கேட்டால் பதில் கிடைக்கும். பதில் வாங்கியவர்களில் பலர் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை. "பையன் வெளியூர்ல இருக்கான் தாயி" என்று ஒருவர் இழுத்தபோது, "ஜெயில்லயா?" என்று கேட்டவள் அவள். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார் என்றும், அழுது முடித்து நேரே போய் மகனைப் பார்த்துவிட்டு வந்தார் என்றும் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவளிடம் ஆவுடையப்பன் ஏன் போய்ச் சேர்ந்தார் என்பது ஊருக்கு விளங்காத விஷயம். வாரம் தவறாமல் போவார். கூட்டுவார், தண்ணீர் இறைத்து வைப்பார், எதிரே உட்கார்ந்திருப்பார். ஊரெல்லாம் ஓடுகிற நாக்கு அவள் முன்னால் மட்டும் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடுக்கல் எதற்கோ தனக்கு வேண்டியிருக்கிறது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அன்றும் தடுக்கியது.

"அப்பா ரொம்ப சிரமப்படுறாரு தாயி. பார்க்கச் சகிக்கல. அவருக்கும் ஒரு நிம்மதி, நமக்கும் ஒரு நிம்மதி. தம்பியும் நானும் பேசிக்கிட்டோம். சனிக்கிழமை தோதா இருக்கும்னு தம்பி சொல்றான். உங்க வாயால ஒரு வார்த்தை வந்துட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும்."

"எண்ணெய் யாரு வைக்கிறது?"

"மூத்தவன் நான். நான்தான் வைக்கணும்."

"தண்ணி?"

"தம்பி ஊத்துவான்."

"அப்பாகிட்ட சொல்லியாச்சா?"

ஆவுடையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று பயந்துகொண்டு வந்தார். திட்டினால் என்ன பதில் சொல்வது என்றுகூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"அவர்கிட்ட எப்படித் தாயி..."

"ஏன்? கெட்ட சேதியா?"

"கெட்ட சேதின்னு சொல்ல முடியாது."

"அப்ப நல்ல சேதி."

"அப்படியும்..."

தாயி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊர்ல யாருக்கு எதைச் சொல்லணும்னாலும் உங்களைத்தானே தேடி வர்றாங்க. எதுக்கு?"

"கேக்குறவங்க மனசு நோகாமச் சொல்லுவேன்னு."

"இதைக் கேட்டா நோகுற மனசு யாரோடது?"

அவர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க. எவ்வளவு பதமாச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, நாள் சொல்றேன்."

ஆவுடையப்பன் வீட்டுக்கு நடந்தார். திட்டு விழவில்லை என்கிற நிம்மதி பாதி வழி வரைதான் வந்தது.

அவருடைய அப்பா நயினார் ஒரு காலத்தில் ஆள் மலை. ஓடையில் வெள்ளம் போகிற நாட்களில் அக்கரைக்குப் போகவேண்டிய கர்ப்பிணிகளைத் தோளில் உட்கார்த்தி இறக்கிவிட்டவர். இப்போது கால்கள் இரண்டும் விளங்கவில்லை, கையைத் தூக்கவும் தெம்பில்லை. பின்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் வீட்டாருக்குச் சங்கடம். புத்தியும் போயிருந்தால் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டார்கள்.

அவரைப் பார்த்துக்கொள்வது ஆவுடையப்பன் மனைவி பூரணம். கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது, துணி அலசுவது எல்லாம் அவள் ஒருத்திதான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மூக்கைத் துண்டால் மறைத்துக்கொண்டு, "கொடுத்து வச்சவ, பெரியவங்களுக்குச் செய்யற பாக்கியம் எல்லாருக்குமா கிடைக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பாக்கியத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. தம்பி தவசிக்கண்ணு அடுத்த தெருவில்தான் இருந்தான். தினமும் வருவான். வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுவான்.

ஆவுடையப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா."

நயினார் தலையைத் திருப்பினார்.

"உடம்பெல்லாம் காந்துதாப்பா?"

"ஆமாடா."

"முதுகு?"

"எரியுது."

"இல்ல... நல்லா எண்ணெய் வச்சு, ஒரு முழுக்குப் போட்டா கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும்னு தம்பியும் நானும் பேசிக்கிட்டிருந்தோம். சனிக்கிழமை வாக்குல."

இதைச் சொல்லும்போது தன் குரல் எவ்வளவு இதமாக வந்தது என்பதை அவரே கவனித்தார். வாழ்நாளில் அவர் இவ்வளவு பதமாக எதையும் சொன்னதில்லை.

நயினார் மகனின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். 

"யாரு ஊத்துறா?"

"தம்பி."

"நீ?"

"எண்ணெய் நான் வைக்கிறேன்ப்பா."

"ம்."

முற்றத்தில் பூரணம் துணி அலசுகிற சத்தம் கேட்டது. கிழவர் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அன்னைக்கு அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பி வச்சிரு. பயந்துருவா."

ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "சரிப்பா" என்றார்.

"சரி. உன் இஷ்டம் போலச் செய்."

சொல்லிவிட்டுக் கிழவர் கையை நகர்த்தி மகனுடைய முழங்காலில் மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். ஏதோ மகனுக்குத்தான் பெரிய கஷ்டம் வந்துவிட்டது போல.

தவசிக்கண்ணு விஷயத்தைக் கேட்டதும் பெருமூச்சு விட்டான். "எனக்குத் தெரியும்ணே. நீ சொன்னா எமனே மறுபேச்சுப் பேச மாட்டான்." அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். சிரித்தாரா என்று கேட்காதீர்கள். சிரித்தார்.

மறுநாள் காலையிலேயே சாவடிக்குப் போனார்.

"சொல்லிட்டேன் தாயி. சரின்னுட்டாரு."

"என்னன்னு சொன்னீங்க?"

"எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டுறோம், குளிர்ச்சியா இருக்கும்னு சொன்னேன்."

"அவருக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. பூரணத்தை அன்னைக்கு ஊருக்கு அனுப்பச் சொன்னாரு. அவ பயந்துருவாளாம்."

தாயி அவரையே பார்த்தாள். அப்படி அவள் பார்த்து அவர் கண்டதில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாள்...?" என்றார் அவர்.

"வாங்க. வீட்டுல வந்து சொல்றேன்."

தாயி ஊருக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஆவுடையப்பன் முன்னால் நடந்தார். தாயியே வீடு தேடி வந்து நாள் சொல்கிறாள் என்றால் சும்மாவா? நடையில் கொஞ்சம் மிடுக்குக்கூட ஏறியிருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் தாயி நின்றாள். வாசற்படியின் இரண்டு பக்கமும் இளநீர் வரிசையாக வைத்திருந்தது. நாள் குறிப்பதற்கு முன்பே அக்கம்பக்கம் முந்திக்கொண்டுவிட்டது. சீவாத பச்சைக் காய்கள், காம்புகூட வாடவில்லை. அவற்றைத் தாண்டி உள்ளே போனாள். பின்னாலேயே தவசிக்கண்ணு வந்தான். எதிர்வீட்டுப் பொன்னாத்தா, இன்னும் இரண்டு மூன்று பேர் வாசற்படி வரைக்கும் வந்து நின்றார்கள். பூரணம் கஞ்சிச் சட்டியோடு அடுப்பங்கரையிலிருந்து வந்தாள்.

தாயி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகம் கிழவருடைய முகத்துக்கு நேராக இருந்தது.

"பெரியவரே, நான் சாவடியில இருக்கிறவ."

"தெரியும் தாயி. சொல்லியிருக்கான்."

"உங்க மூத்த மகன் என்கிட்ட நாள் கேட்டு வந்தாரு."

"ம்."

"உங்ககிட்ட என்னன்னு சொன்னாரு?"

"குளிர்ச்சி பண்ணுறோம்னான்."

"நான் ஒரு தடவை சொல்றேன். கேட்டுக்கிட்டுப் பதில் சொல்லுங்க. சனிக்கிழமை உங்க மகன்கள் ரெண்டு பேரும் சேர்ந்து உங்களைக் கொல்லப் போறாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

கஞ்சிச் சட்டி தரையில் விழுந்து உடைந்தது.

பொன்னாத்தா "அய்யய்யோ!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ சிவசிவா என்றார்கள். யாரோ மண்ணை அள்ளித் தூற்றினார்கள். தவசிக்கண்ணு பாய்ந்து வந்தான்.  தாயியை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டில் காலை ஓங்கி உதைத்தான். ஆவுடையப்பனுக்கு நெஞ்சில் யாரோ எட்டி மிதித்த மாதிரி இருந்தது.  சுவரைப் பிடித்தார். காதுக்குள் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளும் அந்த ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

அந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அந்தக் குளியலில் போயிருக்கிறார்கள். எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூச்சல் எழுந்ததில்லை.

"வெளிய போங்க!" என்று கத்தினான் தவசிக்கண்ணு. "சாமியாரிச்சின்னா என்ன வேணும்னாலும் பேசலாமா? பெத்த அப்பனைக் கொல்லுவோமா நாங்க? எவனாவது கொல்லுவானா?"

"சனிக்கிழமை குளிப்பாட்டுவீங்க."

"ஆமா!"

"ஞாயித்துக்கிழமை அவரு இருப்பாரா தம்பி?"

தவசிக்கண்ணு அண்ணனைப் பார்த்தான்.   இந்த மாதிரி இடங்களில் பேசுவதற்கென்றே இருக்கிற அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சம்மதம் இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"சம்மதம் இல்ல தாயி." கிழவர் அழுதுகொண்டிருந்தார். துடைக்கக் கை எட்டாததால் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "எனக்குப் பயமா இருக்கு. நேத்துல இருந்து வாளிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிச்சுக்குது. பூரணம் துணி அலச உக்காந்தாக்கூட, இன்னைக்குத்தானோ, குறிச்ச நாளை மாத்திட்டானுகளோன்னு பதறுது."

ஆவுடையப்பன் எப்படியோ கட்டில் வரைக்கும் வந்துவிட்டார்.

"அப்பா, நேத்துச் சரின்னீங்களேப்பா!"

"நீ என்னடா கேட்ட?"

ஆவுடையப்பன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"குளிப்பாட்டட்டுமான்னு கேட்ட. பெத்த புள்ள குளிப்பாட்டுறேன்னு வந்து நிக்கிறான், வேண்டாம்னு எந்த அப்பனால சொல்ல முடியும்? கொல்லட்டுமான்னு கேட்டிருந்தா, வேண்டாம்டா ஆவுடைன்னு உன் கையப் பிடிச்சிருப்பேனே. கெஞ்சியிருப்பேனே. அதுக்கு நீ எடமே குடுக்கலையேடா."

கிழவருக்கு மூச்சு வாங்கியது. தாயி தன் துண்டின் நுனியால் அவர் காதோரத்தைத் துடைத்தாள்.

"எங்க அம்மாவுக்கும் நான் இப்படித்தான் சொன்னேன்," என்றார் அவர். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. கூரையைப் பார்த்துத்தான் சொன்னார். "அவளும் சரிடா தம்பின்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அவளுக்கு அதுல சம்மதம்னு இத்தனை வருஷமா நெனைச்சுக்கிட்டு இருந்துட்டேன் தாயி."

வாசற்படியில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி ஒரு 'சரி'யை வாங்காத ஆள் அந்த வாசலில் ஒருத்தரும் இல்லை. பொன்னாத்தா மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து, வரிசையில் தன்னுடைய இளநீர் எது என்று பார்த்து எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். அவள் தோள் குலுங்கியது. ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

பூரணம் உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"தாயி, நீங்க நல்லாச் சொல்லிட்டீங்க. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. அப்புறம்?"

"சொல்லும்மா."

"அப்புறம் யாரு பாக்குறது?"

ஆவுடையப்பனுக்குப் பழக்கம் விடவில்லை. "பூரணம்," என்று குரலைத் தழைத்துக்கொண்டு ஆரம்பித்தார், "பெரியவங்களுக்குச் செய்ய நீ கொடுத்து வச்ச—"

"அதைச் சொல்லாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் குரல் அந்த உயரத்துக்குப் போய் அவர் கேட்டதில்லை.

"அதைச் சொல்லிச் சொல்லித்தான் என் வாயை அடைச்சு வச்சிருக்கீங்க. பாக்கியமாம், புண்ணியமாம். நான் பீ அள்ளுறேன். விடிஞ்சா அள்ளுறேன், பொழுது சாய்ஞ்சா அள்ளுறேன். ஒத்தையில தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு. என்னைக்காவது முடியலன்னு சொல்ல விட்டீங்களா? சொன்னா, புண்ணியத்தை வேண்டாங்குறா பாவின்னு ஆகிப்போகும். நீங்க குளிர்ச்சின்னு பேசினப்ப எனக்குத் தெரியாதா அது என்னன்னு? தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன். ஏன்னா எனக்கும் முடியல." அவள் அழுதாள். "மாமா, உங்களைச் சாகச் சொல்லல மாமா. எனக்கு முடியல, அவ்வளவுதான்."

கிழவர் அவளைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதாம்மா," என்றார். "நீதான் அள்ளுற. எனக்குத்தான் கூச்சம். நன்றின்னு சொல்லக்கூட வாய் வரல."

தாயி தவசிக்கண்ணுவைப் பார்த்தாள். "நீங்க ஏன் தம்பி உள்ள வர்றதில்ல?"

தவசிக்கண்ணு தரையைப் பார்த்தான். "தொழில்ல நேரம்..." என்று ஆரம்பித்தவன், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்தினான். "நாத்தம் தாங்கல," என்றான். "குமட்டுது."

"எனக்கு மட்டும் மணக்குதா?" என்றாள் பூரணம்.

யாருக்கும் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான். அந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் இடி விழும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இடி எதுவும் விழவில்லை.

பூரணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாச்சு. அந்தப் பக்கம் யாராவது பிடிங்க."

ஆவுடையப்பன் தோள்பட்டைக்குக் கீழே கை கொடுத்தார். தவசிக்கண்ணு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்து இடுப்பைத் தாங்கினான். மூன்று பேருமாகக் கிழவரை ஒருக்களித்துத் திருப்பினார்கள்.

ஆவுடையப்பன் அன்றுதான் அப்பாவின் முதுகைப் பார்த்தார். வருகிறவர்களிடம் அவர் படுக்கைப் புண் என்று சொல்வதில்லை. தோல் கொஞ்சம் கன்றியிருக்கிறது என்பார். கன்றியிருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை. விட்டால் அப்பா புண் மேலேயே விழுவார்.

"எரியுதாப்பா?"

"எரியுதுடா," என்றார் நயினார். "ரொம்ப எரியுது. சாகணும் போல எரியுது. ஆனா சாகப் பயமா இருக்கு. ரெண்டும்தான்."

பூரணம் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தாள். ஓரத்திலிருந்து உள்ளே எப்படித் துடைக்க வேண்டும் என்று கொழுந்தனுக்குக் காட்டிக் கொடுத்தாள். அவன் ஒருதரம் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான்.

அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது தாயியைக் காணோம்.

ஆவுடையப்பன் வெளியே ஓடினார். அவள் தெருமுனை தாண்டிப் பருத்திக்காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளை மறித்தார். மூச்சிரைத்தது. கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டுமாகத்தான் இருந்தது.

"தாயி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நீங்க அந்த வார்த்தையைச் சொன்னப்ப என் நெஞ்சே நின்னு போச்சு. திடமா இருக்கிற எனக்கே அப்படின்னா, அவரு வயசானவரு, படுக்கையில கிடக்குறவரு. முகத்துக்கு நேரா அப்படிப் போட்டு உடைச்சீங்களே. அந்த அதிர்ச்சியில அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா?"

"ஏதாவது ஒண்ணுன்னா?"

"அதான் தாயி... தவறிப் போய்..."

தாயி காத்துக்கொண்டு நின்றாள். காட்டில் பருத்தி எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆவுடையப்பன் உதட்டை நனைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் சாவுச் சேதி சொன்ன மனுஷர், அந்தச் சொல்லை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

"செத்திருந்தா?" என்றார்.

"செத்திருந்தா, நான்தான் கொன்னேன்னு சொல்லியிருப்பேன் அண்ணாச்சி."